நான்கெல்லை எங்கே எழுதியிருக்கிறது? – பேட்டண்ட் வழக்கும் நம் கடைச் சரக்கும்

தமிழ்நாட்டின் வடக்கு வாசல் ஆரம்பாக்கம். இதைத் தாண்டினால் தடா, ஆந்திரம் தொடங்கிவிடும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளுக்குப் போகும் லாரியும், கல்கத்தா வரை போகும் லாரியும் நம் கடை வாசலைத் தொட்டுத்தான் போகின்றன. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகள் ஓய்ந்துவிட்டன. ஆனாலும் பழைய வணிகர்கள் சாவடியில் கற்ற பாடத்தை மறக்கவில்லை. வண்டியில் என்ன இருக்கிறது என்பது பாதி விஷயம். பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்பது மீதி விஷயம். இரண்டும் பொருந்தினால் வண்டி போகும். பொருந்தாவிட்டால் நிற்கும்.

இந்தப் பாடம் இப்போது வேறு ஒரு வாசல் வழியாக நம்மிடம் திரும்பி வந்திருக்கிறது. அதன் பெயர் பேட்டண்ட். தமிழில் காப்புரிமை என்கிறார்கள்.

சென்ற ஆண்டு பொங்கலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, நம் பகுதியில் மளிகையும் பாத்திரமும் சேர்த்து விற்கும் உறுப்பினர் ஒருவர் கையில் ஒரு கவருடன் நம்மிடம் வந்தார். பதிவுத் தபாலில் வந்த வக்கீல் நோட்டீஸ். வெளிமாநில நிறுவனம் ஒன்றின் சார்பில் அனுப்பப்பட்டிருந்தது. "தாங்கள் விற்கும் தேங்காய்த் துருவி எங்கள் கட்சிக்காரரின் பேட்டண்ட் உரிமையை மீறுகிறது. உடனே விற்பனையை நிறுத்தி, இருப்பை ஒப்படைத்து, நஷ்டஈடு தர வேண்டும்" என்று இரண்டு பக்கம். உறுப்பினர் பாரிமுனையில் மொத்தக் கடையில் பில் போட்டு வாங்கியது இரண்டு டஜன். விற்றது ஏழு. மீதியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, "அண்ணே, நான் செய்யாத சாமானுக்கு நான் ஏன் கோர்ட்டுக்குப் போகணும்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனதன் விளைவே இந்தக் கட்டுரை. அந்தத் துருவியின் கதி என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

விற்பவருக்கும் பொறுப்பு உண்டு

முதலில் கசப்பான உண்மையைச் சொல்லிவிடுவோம். 1970-ஆம் ஆண்டு பேட்டண்ட் சட்டத்தின் 48-ஆவது பிரிவு, பேட்டண்ட் பெற்ற பொருளைச் செய்வதை மட்டுமல்ல, பயன்படுத்துவதை, விற்பனைக்கு வைப்பதை, விற்பதை, அதற்காக இறக்குமதி செய்வதையும் தடுக்கும் உரிமையை உரிமையாளருக்குத் தருகிறது. ஆகவே "நான் செய்யவில்லை, விற்றேன்" என்பது மட்டும் முழுப் பதிலாகாது.

ஆனால் எதை விற்றால் மீறல்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. பேட்டண்ட் என்பது ஒரு பத்திரம். நாம் மனை வாங்கும்போது பத்திரத்தில் கிராமத்தின் பெருமையும் முன் பத்திரங்களின் வரலாறும் பக்கம் பக்கமாக இருக்கும். ஆனால் வேலி போடும் நாளில் எல்லாரும் புரட்டுவது கடைசியில் உள்ள சொத்து விவரத்தை. கிழக்கே இன்னார் நிலம், மேற்கே வாய்க்கால், வடக்கே பாதை, தெற்கே இன்னார் மனை என்ற நான்கெல்லைதான் பேசும். பேட்டண்ட் ஆவணத்திலும் அப்படியே. முதலில் விளக்கம், படங்கள், பழைய முறையில் இருந்த குறை, புதிய முறையின் நிறை எல்லாம் வரும். கடைசியில் எண் போட்டு வரிசையாக "உரிமைக் கோரிக்கைகள்" இருக்கும். 10-ஆவது பிரிவின்படி உரிமையின் எல்லையைச் சொல்பவை இந்தக் கோரிக்கைகளே. விளக்கத்தில் இருந்து கோரிக்கையில் வராதது உரிமையாளருடையது அல்ல.

ஆனால் நிலத்தின் எல்லையில் கல் நடலாம். இங்கே எல்லை முழுவதும் சொற்களால் ஆனது. ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதில்தான் கோடிக்கணக்கான ரூபாய் வியாபாரம் தொங்குகிறது. ஒரு நீதிபதி ஒரு பொருள் கொள்வார். மேல்முறையீட்டில் இன்னொரு பொருள் வரும். இதற்கு நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே கண்கூடான உதாரணம் இருக்கிறது.

இரண்டு வால்வா, மூன்று வால்வா?

பஜாஜ் ஆட்டோ நிறுவனம் 2002 ஜூலை 16 அன்று விண்ணப்பித்து, 2005 ஜூலை 7 அன்று பெற்ற பேட்டண்டின் எண் 195904. சிறிய மோட்டார் சைக்கிள் எஞ்சினில் ஒன்றுக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் வைத்து, குறைந்த பெட்ரோல் கலந்த காற்றை நன்றாக எரிய வைக்கும் முறை அது. பல்சர் வண்டியில் வந்த 'டி.டி.எஸ்.-ஐ' இதுதான். கோரிக்கை வாசகத்தில் மூன்று விஷயங்கள் முக்கியமாக இருந்தன: சிலிண்டரின் உள்விட்டம் 45 முதல் 70 மில்லிமீட்டர், ஒரு சிலிண்டருக்கு இரண்டு வால்வு, இரண்டு ஸ்பார்க் பிளக்.

2007-இல் ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் 'ஃபிளேம்' என்ற 125 சி.சி. வண்டியை அறிவித்தது. அதன் எஞ்சினிலும் இரண்டு பிளக். ஆனால் வால்வு மூன்று. பஜாஜ் "இது எங்கள் உரிமை மீறல்" என்றது. டி.வி.எஸ். "இது ஆதாரமற்ற மிரட்டல்" என்றது. இரு தரப்பும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன.

கேள்வி எளிமையானது. கோரிக்கையில் 'இரண்டு வால்வு' என்று எழுதியிருக்கிறது. எதிராளியின் எஞ்சினில் மூன்று. அந்த 'இரண்டு' என்ற சொல் எல்லைக்கல்லா, வழியில் கிடக்கும் சாதாரணக் கல்லா?

2008 பிப்ரவரி 16 அன்று தனி நீதிபதி பஜாஜ் பக்கம் இடைக்காலத் தடை வழங்கினார். கண்டுபிடிப்பின் சாரம் இரண்டு பிளக் என்றும், வால்வின் எண்ணிக்கை மாறியதால் மட்டும் மீறல் இல்லாமல் போகாது என்றும் அந்த அணுகுமுறை இருந்தது. டி.வி.எஸ். தன் வண்டியை ஒற்றைப் பிளக்குடன் மாற்றிச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

மேல்முறையீட்டில் 2009 மே 18 அன்று இரு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் அந்தத் தடையை நீக்கியது. அதே கோரிக்கை, அதே எஞ்சின். ஆனால் வாசிப்பு வேறு. எழுதியவர் எந்த நோக்கத்தோடு எந்தச் சேர்க்கைக்கு உரிமை கேட்டார் என்று பார்த்தது பெஞ்ச். அப்படிப் பார்க்கும்போது மூன்று வால்வு எஞ்சின் அந்த எல்லைக்குள் வருகிறது என்பதற்கு முதல் நோக்கில் வலுவான ஆதாரம் இல்லை என்று முடிவு கண்டது.

வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 2009 செப்டம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு கட்சியையும் பார்த்து நடுவழி சொன்னது. டி.வி.எஸ். விற்கலாம், ஆனால் விற்பனைக் கணக்கைத் துல்லியமாக வைத்திருக்க வேண்டும், அதற்கு ஒரு ரிசீவர். கூடவே, பேட்டண்ட், டிரேட் மார்க் வழக்குகள் இடைக்கால மனுவிலேயே ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுகின்றன என்று வருந்தி, இப்படிப்பட்ட வழக்குகளை நாள் தவறாமல் விசாரித்து, வழக்கு தாக்கலான நான்கு மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்றும் கூறியது. ஆனால் நடந்தது என்ன? 2019-இல் இரு நிறுவனங்களும் சமாதானமாகப் போயின. 'இரண்டு' என்ற சொல்லுக்கு இறுதித் தீர்ப்பு கிடைக்கவே இல்லை. மேலே சொன்ன இரண்டு முடிவுகளும் இடைக்கால முடிவுகளே என்பதை மறந்துவிடக் கூடாது.

பெரிய நிறுவனம் எஞ்சினை மாற்றிப் பிழைத்துக்கொள்ளும். கடன் வாங்கி முன்பணம் கட்டி, போர்டு எழுதி, புதுச் சரக்குக்காகக் காத்திருக்கும் சிறு ஊர் விற்பனையாளரின் கதி? தடை வந்த நாளிலும் அவர் கடைக்கு வாடகை உண்டு, வட்டி உண்டு. நமக்கு இந்த வழக்கில் உள்ள சங்கதி அதுதான்.

ஆறு டிகிரி சாய்வு

சொல்லைப் பிடித்துக்கொள்வதா, நோக்கத்தைப் பார்ப்பதா என்ற கேள்வி உலகம் முழுவதும் உண்டு. இரும்புக்கடை வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும். இங்கிலாந்தில் கேட்னிக் என்ற நிறுவனம் கதவு, ஜன்னல் மேல் வைக்கும் இரும்பு லிண்டலுக்கு பேட்டண்ட் வாங்கியிருந்தது. பின்பக்கத் தகடு 'செங்குத்தாக' நிற்க வேண்டும் என்று கோரிக்கையில் எழுதியிருந்தார்கள். எதிராளி ஹில் அண்டு ஸ்மித் அதே லிண்டலைச் செய்து, தகட்டை 6 டிகிரி, 8 டிகிரி சாய்த்துவிட்டார்கள். "செங்குத்து இல்லையே, ஆகவே மீறலும் இல்லை" என்றார்கள்.

முதல் நீதிமன்றம் மீறல் என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் இல்லை என்றது. கடைசியில் 1980-இல் பிரபுக்கள் சபை மீண்டும் மீறல் என்றது. இலக்கண ஆசிரியர்போலச் சொல்லை அளக்கக் கூடாது. அந்தத் தொழில் தெரிந்த ஆள் இதைப் படித்தால் அச்சுப் பிசகாத செங்குத்து என்று எடுத்துக்கொள்வாரா, பாரம் தாங்கும் அளவுக்குச் செங்குத்து என்று எடுத்துக்கொள்வாரா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். கட்டடக் கொத்தனாரைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வார். சென்னை வழக்கிலும் இந்தத் தீர்ப்பு பேசப்பட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே 'நோக்கம் பார்க்கும்' முறை லண்டனில் உரிமையாளருக்கு உதவியது; சென்னையில் எதிராளிக்கு உதவியது. முறை ஒன்றுதான், எழுதிய வாசகமும் எதிரில் நின்ற பொருளும் வேறு.

இருப்பு என்றால் என்ன?

அமெரிக்காவில் நடந்த இன்னொரு வழக்கு, கடைக்காரரான நமக்கென்றே நடந்ததுபோல் இருக்கிறது. மார்க்மன் என்பவர் சலவைக் கடைகளுக்கான ஒரு கணக்கு முறைக்கு பேட்டண்ட் வைத்திருந்தார். வாடிக்கையாளர் கொடுத்த துணி எங்கே இருக்கிறது, எது வந்தது, எது போயிற்று என்று 'இருப்பு' காட்டும் முறை. வெஸ்ட்வியூ என்ற நிறுவனத்தின் கருவி பில்லையும் பணத்தையும் கணக்கு வைத்தது, துணியைத் தொடரவில்லை. மார்க்மன் "பணக் கணக்கும் இருப்புதான்" என்றார். ஜூரிகள் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். நீதிபதியோ, இந்தப் பேட்டண்டில் 'இருப்பு' என்றால் துணியும் அதில் சேர வேண்டும் என்று அதை ஒதுக்கினார். மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. 1996 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கோரிக்கையின் பொருளைச் சொல்வது நீதிபதியின் வேலை, ஜூரியின் வேலை அல்ல என்று ஒருமனதாக முடித்தது.

சரக்கு இருப்பு வேறு, கல்லா இருப்பு வேறு என்பது நம் கடைப் பையனுக்கும் தெரியும். ஆனால் அதைச் சொல்ல ஒரு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது!

2015-இல் அதே நீதிமன்றம் டேவா மருந்து வழக்கில் மேலும் ஒரு படி தெளிவாக்கியது. அங்கே சண்டை 'மூலக்கூறு எடை' என்ற சொல் பற்றி. எடை என்றால் நிகர எடையா, மொத்த எடையா என்று நாம் கேட்பதுபோல, அதிலும் பலவகை உண்டு. பேட்டண்ட் ஆவணத்தை மட்டும் படித்து கீழ் நீதிபதி சொன்ன பொருளை மேல் நீதிமன்றம் புதிதாகவே பார்க்கலாம். ஆனால் நிபுணர் சாட்சியைக் கேட்டு அவர் கண்ட உண்மைகளைத் தெளிவான தவறு இருந்தால் ஒழிய மாற்றக் கூடாது என்றார்கள்.

நம் நாட்டிலும் மேல்முறையீட்டுக்கு ஒரு வரம்பு உண்டு. 1990-இல் உச்ச நீதிமன்றம் வாண்டர், ஆண்டாக்ஸ் நிறுவனங்களுக்கிடையே நடந்த டிரேட் மார்க் வழக்கில், இடைக்காலத் தடை பற்றிய கீழ் நீதிமன்ற முடிவை 'எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது' என்பதற்காக மட்டும் மாற்றக் கூடாது என்றது. சட்டக் கொள்கையைப் புறக்கணித்திருந்தால், தாறுமாறாக முடிவெடுத்திருந்தால்தான் தலையிடலாம். ஆகவே "பார்த்துக்கொள்ளலாம், அப்பீலில் எல்லாம் சரியாகிவிடும்" என்று முதல் கோர்ட்டில் கைகட்டி நிற்பது ஆபத்து. கோரிக்கைக்கு என்ன பொருள் என்ற வாதத்தை முதல் நாளிலேயே வைத்துவிட வேண்டும்.

அப்பீலில் எல்லை விரிந்த கதை

அப்பீல் என்றால் கோரிக்கை சுருங்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். புற்றுநோய் மருந்து எர்லோடினிப் பற்றி ரோஷ் நிறுவனத்துக்கும் சிப்லாவுக்கும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் நேர் எதிராக ஆயிற்று. 2012-இல் தனி நீதிபதி, சிப்லா விற்பது மருந்தின் வேறு படிக வடிவம், ஆகவே மீறல் இல்லை என்றார். 2015 நவம்பரில் டிவிஷன் பெஞ்ச், கோரிக்கை அந்த மூலப்பொருளையே சொல்கிறது, எந்தப் படிக வடிவமானாலும் அதற்குள் அடக்கம் என்று வாசித்து, மீறல் என்று தீர்த்தது. ஒரு நிறுவனத்தின் பொருளை இன்னொரு நிறுவனத்தின் பொருளோடு ஒப்பிடக் கூடாது; எதிராளியின் பொருளைக் கோரிக்கை வாசகத்தோடுதான் ஒப்பிட வேண்டும் என்ற விதி அங்கே அழுத்தமாகச் சொல்லப்பட்டது. சோதனைச் சாவடியில் ஒரு லாரியை இன்னொரு லாரியோடு ஒப்பிடுவார்களா? பில்லோடுதானே ஒப்பிடுவார்கள்!

மிர்சாபூர் பாத்திரக்காரர்கள்

எல்லை எங்கே என்பதற்கு முன்னால், மனையே அவருடையதுதானா என்ற கேள்வியும் உண்டு. பேட்டண்ட் சான்றிதழ் கையில் இருப்பதால் மட்டும் அது செல்லும் என்று அரசு உத்தரவாதம் தருவதில்லை. இதற்கு நாட்டின் முதன்மையான தீர்ப்பு நம் பாத்திரக் கடைக்காரர்கள் இனத்தில் பிறந்ததே.

உத்தரப்பிரதேசம் மிர்சாபூரில் பித்தளை, ஜெர்மன் சில்வர் பாத்திரம் செய்யும் இரண்டு கூட்டு நிறுவனங்கள். கடைசல் பிடிக்கும்போது பாத்திரத்தை அரக்கு வைத்து ஒட்டுவது பழைய வழக்கம். பிடி தளர்ந்தால் பாத்திரம் தெறித்து ஆளை அடிக்கும். இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ், பாத்திரத்தை லேத்தில் இறுக்கிப் பிடிக்கும் ஒரு முறைக்கு 1951 முதல் கணக்கிடும்படி பேட்டண்ட் பெற்றது. பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் நிறுவனமும் அதே முறையில் வேலை செய்கிறது என்று வழக்கு. அலகாபாத் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 'இது புதிது இல்லை' என்று பேட்டண்டை ரத்து செய்தார். டிவிஷன் பெஞ்ச் 'செல்லும்' என்றது. 1978 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் 'செல்லாது' என்று முடித்தது. பட்டறையில் தேர்ந்த கைக்கு இயல்பாகத் தோன்றும் திருத்தம் கண்டுபிடிப்பு ஆகாது என்பது தீர்ப்பின் சாரம்.

கோரிக்கையை எப்படிப் படிக்க வேண்டும் என்றும் அதில் வழி காட்டப்பட்டது. எடுத்த எடுப்பில் கோரிக்கையைப் படிக்கக் கூடாது. முதலில் விளக்கத்தைப் படித்து, கண்டுபிடிப்பு என்ன என்று மனத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு கோரிக்கைக்கு வர வேண்டும். இரண்டையும் சேர்த்தே பொருள் கொள்ள வேண்டும். இன்றைக்கும் இந்தத் தீர்ப்பைச் சொல்லாமல் பேட்டண்ட் வழக்கு நடப்பதில்லை.

ஒரு கணக்கு பாருங்கள். அந்தக் காலச் சட்டப்படி பேட்டண்டின் ஆயுள் 16 ஆண்டு. வழக்கு முடிந்தது 27-ஆவது ஆண்டில். வென்றவருக்கும் தோற்றவருக்கும் என்ன மிச்சம்?

அரிசியும் கைபேசியும்

மளிகை வணிகர்கள் பாசுமதி விவகாரத்தை மறந்திருக்க மாட்டார்கள். 1997-இல் அமெரிக்க ரைஸ்டெக் நிறுவனம் பாசுமதி வகை அரிசி குறித்து 20 கோரிக்கைகளுடன் பேட்டண்ட் பெற்றது. இந்தியா எதிர்த்தது. 2001-க்குள் அகலமான கோரிக்கைகள் உதிர்ந்து, அந்நிறுவனம் தானே உருவாக்கிய குறிப்பிட்ட ரகங்கள் அளவில் உரிமை சுருங்கியது. பேட்டண்ட் முழுதும் ரத்தாகவில்லை. ஆனால் நமக்கு ஆபத்தான பகுதி போய்விட்டது. வேலியை உள்ளே தள்ளி நடவைத்ததே வெற்றி.

இறக்குமதிச் சரக்கு விற்பவர்களுக்கு இரண்டு சிம் கைபேசி விவகாரம் ஒரு பாடம். மதுரையைச் சேர்ந்த ஒருவர் 2008-இல் பெற்ற பேட்டண்டைக் காட்டி, வெளிநாட்டில் இருந்து வந்த இரண்டு சிம் கைபேசிகளைச் சுங்கத் துறை வழியாக நிறுத்தச் செய்தார். 2012-இல், சென்னையில் இருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் அந்தப் பேட்டண்டை ரத்து செய்தது. நடுவில் கழிந்த காலத்தை யார் திருப்பித் தருவது? 2018-இல் மத்திய அரசு சுங்க விதிகளில் இருந்தே பேட்டண்டை எடுத்துவிட்டது. கோரிக்கையின் எல்லையைத் தீர்மானிப்பது துறைமுகத்து அதிகாரியால் ஆகிற காரியம் அல்லவே. அந்த வாரியமும் 2021-இல் கலைக்கப்பட்டு, அதன் வேலை உயர் நீதிமன்றங்களுக்குப் போய்விட்டது.

நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது?

வக்கீலைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம். ஆனால் வக்கீலிடம் போகுமுன் நாமே செய்யக்கூடியவை சில உண்டு.

ஒன்று: பேட்டண்ட் எண்ணைக் கேளுங்கள். எண் இல்லாத நோட்டீஸ், எல்லை இல்லாத பத்திரம். எண் கிடைத்தால், அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்ப நாளில் இருந்து 20 ஆண்டுதான் ஆயுள். அதிலும் கட்டணம் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் இடையிலேயே காலாவதி. பேட்டண்ட் அலுவலக இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம். சென்னை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது.

இரண்டு: கோரிக்கையைப் பிரித்து எழுதுங்கள். ஒரு தாளில் இடப்பக்கம் கோரிக்கையில் சொன்ன ஒவ்வொரு உறுப்பும்; வலப்பக்கம் உங்கள் சரக்கில் அது இருக்கிறதா இல்லையா. சரக்குப் பட்டியலை டிக் அடிப்பதுபோல. முக்கியமான ஒன்று இல்லாவிட்டால் அதுவே உங்கள் வாதம். ஆனால் 6 டிகிரி சாய்வை நினைவில் வையுங்கள். பெயருக்குச் செய்த சின்ன மாற்றம் காப்பாற்றாது.

மூன்று: நோட்டீசைக் கிடப்பில் போடாதீர்கள், பயந்து எழுதிக் கொடுத்தும் விடாதீர்கள். 111-ஆவது பிரிவின்படி, பேட்டண்ட் இருப்பது தெரியாமலும், தெரிந்திருக்க நியாயமான காரணம் இல்லாமலும் விற்றவரிடம் நஷ்டஈடு கேட்க முடியாது. எண் போடாமல் பெட்டியில் 'பேட்டண்ட்' என்று அச்சடித்திருப்பது மட்டும் அறிவிப்பு ஆகாது. ஆனால் முறையான நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு 'தெரியாது' என்று சொல்ல முடியாது. தடை உத்தரவுக்கும் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது.

நான்கு: மிரட்டலுக்கு மருந்து உண்டு. ஆதாரமில்லாமல் மிரட்டினால் 106-ஆவது பிரிவின்படி நாமே நீதிமன்றம் போகலாம். டி.வி.எஸ். அதைத்தான் செய்தது. ஆனால் 'எங்களுக்கு இன்ன பேட்டண்ட் இருக்கிறது' என்று தெரிவிப்பது மட்டும் மிரட்டல் ஆகாது.

ஐந்து: பில் இல்லாத சரக்கு வேண்டாம். புதுவிதச் சாமான் வாங்கும்போது, வழக்கு வந்தால் பொறுப்பு தமது என்று மொத்த வியாபாரியிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

ஆறு: வழக்கு நடக்கும் காலத்தில் விற்றால், அந்தச் சரக்குக்குத் தனிக் கணக்கு வையுங்கள். உச்ச நீதிமன்றம் பெரிய நிறுவனத்துக்கே இதைத்தான் சொன்னது. தீர்ப்பு எதிராக வந்தால், வணிக நீதிமன்றச் சட்டப்படி மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு 60 நாள். தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

ஏழு: நாமும் தவறக் கூடாது. பேட்டண்ட் இல்லாத பொருளில் 'பேட்டண்ட்' என்று போட்டு விற்பது 120-ஆவது பிரிவின்கீழ் அபராதத்துக்கு உரியது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் லேத் வைத்து, அச்சு வைத்து, ஏதாவது புதிதாகச் செய்யும் நம் சிறு தொழில் நண்பர்கள் உண்டு. உண்மையாக மூளையைச் செலவழித்தவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. அவர்களுக்கும் இந்த வழக்குகள் சொல்லும் பாடம் ஒன்றே: கோரிக்கையை அகலமாக எழுதினால் முன்பே இருந்ததில் முட்டி உடையும், குறுக்கி எழுதினால் எதிராளி பக்கத்துச் சந்தில் நுழைந்துவிடுவான். 'இரண்டு' என்று எழுதுமுன் பத்து முறை யோசிக்க வேண்டும். பின்னால் திருத்தம் கேட்டு எல்லையைக் குறுக்கலாம். விரிக்கச் சட்டம் இடம் தராது.

துருவியின் கதி

இனி நம் உறுப்பினரின் தேங்காய்த் துருவிக்கு வருவோம். நோட்டீசில் எண் இல்லை. கேட்டு எழுதினோம், வந்தது. கோரிக்கையைத் தேடி எடுத்து, நம் உறுப்பினர் ஒருவருடைய மகன், டிப்ளமோ படித்த பையன், தமிழில் விளக்கினான். முதல் கோரிக்கையே, அடியில் ரப்பர்க் கிண்ணம் வைத்து, நெம்புகோலை மடக்கினால் காற்று வெளியேறி மேடையில் ஒட்டிக்கொள்ளும் துருவி என்றது. விளக்கத்தில், திருகு வைத்து மேசை விளிம்பில் மாட்டும் பழைய துருவியின் குறையைச் சொல்லி, அதைத் தவிர்க்கவே இந்த ரப்பர் முறை என்று எழுதியிருந்தார்கள். பரண்மேல் இருந்த பதினேழும் திருகுத் துருவிகள்! அவர்கள் எந்தப் பழைய முறையைக் குறை சொல்லி உரிமை வாங்கினார்களோ, அந்தப் பழைய முறைக்கே உரிமை கொண்டாடி நோட்டீஸ் விட்டிருந்தார்கள்.

வக்கீல் அரைப் பக்கத்தில் பதில் எழுதினார். அதன்பின் அந்தப் பக்கத்தில் இருந்து கடிதம் வரவில்லை. ஆனால் அதற்குள் பொங்கல் முடிந்திருந்தது. துருவி அதிகம் விற்கும் அந்த வாரம் திரும்பி வராது. வக்கீல் கட்டணமும் ஏழு துருவி விற்ற லாபத்தைப்போலப் பல மடங்கு.

"சரக்கை இறக்கிவைக்க எனக்குப் பயம் இல்லண்ணே. என்ன எழுதியிருக்குன்னு தெரியாம இருந்ததுதான் பயம்" என்றார் அவர்.

பத்திரத்தைப் படிக்காமல் மனையை விட்டுக்கொடுப்பார் உண்டா? பெரிய கம்பெனியின் லெட்டர்பேடைப் பார்த்த உடனே கைநடுங்க வேண்டியதில்லை. எல்லை எழுத்தில் இருக்கிறது. எழுத்தை யாரும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். இப்படி நோட்டீஸ் வந்த உறுப்பினர்கள் தனியாகக் கவலைப்பட்டுக்கொண்டு இராமல், பில்லையும் சரக்கில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள். ஒருவர் படித்தால் குழப்பம். நாலு பேர் உட்கார்ந்து படித்தால் எல்லைக்கல் தெரிந்துவிடும்.